சனாதிபதி முறையா, பாராளுமன்ற முறையா? - ஒரு விவாதமும் இலங்கை அனுபவமும்

காலனித்துவ ஆட்சியிலிருந்தோ இராணுவ ஆட்சியிலிருந்தோ விடுபட்டுச் சனநாயகத்தினுட் புதிதாகப் பிரவேசிக்கும் நாடொன்று தனது நிறைவேற்றதிகாரத்தை எங்கே வைத்தல் வேண்டும்? மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் சனாதிபதியிடமா, பாராளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றிருக்கும் வரையே நிலைக்கும் அமைச்சரவையிடமா? அரசறிவியலில் இவ்வினா பழையது. எனினும், 1990 ஆம் ஆண்டில் யுவான் லின்ஸ் வெளியிட்ட கட்டுரையொன்றும், அதற்கு அதே ஆண்டில் டொனால்ட் ஹொறோவிற்ஸ் எழுதிய மறுப்பும் இவ்வினாவினைப் புதியதொரு தளத்துக்குக் கொண்டுவந்தன. அம்மறுப்பிலே இலங்கை ஒரு சான்றாக நிறுத்தப்பட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சான்றாக நிறுத்தப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அவ்விவாதத்தினை மீள நோக்குவதற்கு இப்பொழுது போதிய காலம் கழிந்துள்ளது. அதுமட்டுமன்றி, நிறைவேற்றதிகாரச் சனாதிபதிப் பதவியை ஒழிப்பதாக வாக்குறுதியளித்த ஒருவரே 2024 இல் அப்பதவிக்குத் தெரிவானார். ஆகவே இதனை வெறும் ஏட்டுப் பிரச்சினையாகக் கொள்வதற்கில்லை.

லின்ஸின் வாதம் வருமாறு: சனாதிபதி முறையில் மக்களாணை இருவருக்கு உண்டு. சனாதிபதியும் மக்களால் தெரிவானவர். சட்டசபையும் மக்களால் தெரிவானது. இருவரும் முரண்படின் எவருடைய ஆணை மேலானது எனத் தீர்ப்பதற்குச் சனநாயகக் கோட்பாட்டில் இடமில்லை. அவ்வெற்றிடத்தினூடாகவே பல நாடுகளில் இராணுவம் உட்புகுந்தது. மேலும், சனாதிபதியின் பதவிக்காலம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. நாடு எத்துணை நெருக்கடிக்குள்ளாயினும், மக்கள் நம்பிக்கை முற்றாக அகன்றுபோயினும், காலம் முடியும்வரை அவர் இருப்பார். பாராளுமன்ற முறையிலோ நம்பிக்கையில்லாப் பிரேரணையொன்று போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, சனாதிபதிப் பதவி ஒன்றே. அது பங்கிட இயலாதது. நூலிழையில் வென்றவரும் முழு அதிகாரத்தையும் பெறுகின்றார். நூலிழையில் தோற்றவருக்குப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி ஆசனந்தானும் உறுதியில்லை.

சிலியே இவ்வாதத்தின் முதன்மைச் சான்று. 1970 இல் அலெண்டே நூற்றுக்கு முப்பத்தேழுக்கும் குறைந்த வாக்குகளுடன் சனாதிபதியானார். சட்டசபை அவருக்கு எதிராக நின்றது. 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. இந்நிகழ்ச்சிகளை அரசியலமைப்பின் வடிவத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று கருதுதல் மிகையாகும். 1971 இல் செப்புச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டதையும், அதன்பால் ஐக்கிய அமெரிக்கா காட்டிய பகைமையையும், 1972 இன் லொறி உரிமையாளர் வேலைநிறுத்தத்தையும் ஒதுக்கிவிட்டு, பதவிக்காலத்தின் நெகிழ்வின்மையே அலெண்டேயின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறுவது, வர்க்கப் போராட்டமொன்றினை நடைமுறை விதிகளின் குறைபாடாகச் சுருக்குவதாகும். பின்னர் வந்த ஆய்வாளருள் ஹொசே அன்ரோனியோ செய்புப் 2007 இல் இதனை வேறொரு வழியில் எடுத்துக்காட்டினார். சனாதிபதி முறைச் சனநாயகங்கள் கூடுதலாகச் சரிந்தமைக்குக் காரணம் அம்முறையன்று. இராணுவ ஆட்சியின் மரபு ஏற்கெனவே வேரூன்றிய நாடுகளே பெரும்பாலும் அம்முறையைக் கொண்டிருந்தன என்பது அவர் முடிபு. நோயாளிகள் கூடும் மனையிலே மரணம் மிகுதி என்பதற்காக மருத்துவத்தைப் பழிக்கலாகாது என்பது போன்ற வாதம் இது.

ஹொறோவிற்ஸின் மறுப்பு வேறொரு முனையிலிருந்து எழுந்தது. இன, மதப் பிளவுகள் கொண்ட ஆசிய ஆபிரிக்க நாடுகளை அவர் நன்கறிந்தவர். லின்ஸின் சான்றுகள் பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து பெறப்பட்டவை என அவர் சுட்டிக்காட்டினார். நைஜீரியாவின் முதலாவது குடியரசு பாராளுமன்ற முறையையே கொண்டிருந்தது. மத்திய சபையின் ஆசனங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை வடபிரதேசத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையால், அங்கு மட்டும் வென்ற கட்சியொன்று முழுநாட்டையும் ஆளக்கூடியதாயிற்று. 1966 இல் அக்குடியரசு இராணுவத்தாற் கவிழ்க்கப்பட்டது. ஆகவே வென்றவர் அனைத்தையும் பெறுதல் சனாதிபதி முறைக்கே உரிய தீங்கன்று. தேர்தல் முறையைப் பொறுத்தது அது. அதற்கு மாற்றாக அவர் காட்டியவை இரண்டு: நைஜீரியாவின் 1979 ஆம் ஆண்டு அரசியலமைப்பும், இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும். நைஜீரியச் சனாதிபதி கூடிய வாக்குகளைப் பெற்றால் மட்டும் போதாது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் நான்கிலொரு பங்கு வாக்குகளைப் பெறவேண்டும். இலங்கையில் வாக்காளர் இரண்டாம், மூன்றாம் விருப்புகளையும் குறிக்கலாம். முதலெண்ணிக்கையில் எவரும் அரைவாசிக்கு மேற்பெறாவிடின், முதலிருவரைத் தவிர ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் விருப்புகள் கணக்கெடுக்கப்படும். சிறுபான்மையினரின் இரண்டாம் விருப்பை நாடிப் பெரும்பான்மை வேட்பாளர் மிதவாதியாவார் என்பது எதிர்பார்ப்பு.

இவ்விரு வாதங்களும் நிறைவேற்றதிகாரம் இருக்கவேண்டிய இடத்தினைப் பற்றியவை. ஆட்சியை உருவாக்கும் பெரும்பான்மை எதனாலானது என்பதனை லின்ஸ் வினவவேயில்லை. ஹொறோவிற்ஸ் வினவினாராயினும், விடையினைத் தேர்தற் சூத்திரமொன்றிடம் ஒப்படைத்துவிட்டார். இலங்கையின் வரலாறு இருவருக்கும் ஒருங்கே இடர் விளைவிப்பது.

பாராளுமன்ற முறையினை முதலில் நோக்குவோம். சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947 இல் தெரிவான பாராளுமன்றம் செய்த முதற் பெருஞ்செயல்களுள் ஒன்று, மலையகத் தமிழரிற் பெரும்பாலாரின் பிரசாவுரிமையை 1948 இலும் வாக்குரிமையை அதனையடுத்தும் பறித்தமையாகும். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் வாயிலாகப் பிரதிநிதிகளை அனுப்பிய அம்மக்கள் 1952 இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. அவர்களின் ஆசனங்கள் மறைந்தமையால், கண்டிப் பிரதேசச் சிங்களக் கிராமப்புறத்தின் பிரதிநிதித்துவம் அவ்வளவுக்கு மேலோங்கிற்று. சிறுபான்மையோரின் காப்பாகக் கருதப்பட்ட 29 ஆம் பிரிவு இதனைத் தடுக்கவில்லை. 1953 இல் கோமறைக் கழகமும் இச்சட்டங்களிற் குற்றங்காணவில்லை. 1956 இன் அரசகரும மொழிச் சட்டமும் அதே பாராளுமன்ற முறையின் விளைபொருளே. லின்ஸ் பாராளுமன்ற முறைக்குச் சிறப்பாகக் கூறும் நெகிழ்வு, ஒரே இனத்தினுள் இரு கட்சிகள் போட்டியிடும் நாட்டிலே, யார் கூடுதலாக விட்டுக்கொடாதவர் என்னும் போட்டியாகவே இயங்கியது. 1957 இன் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தத்தினை எதிர்த்துக் கண்டிக்கு யாத்திரை புறப்பட்டவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1965 இன் டட்லி-செல்வநாயகம் ஒப்பந்தத்தின்வழி வந்த மாவட்ட சபை யோசனையினை எதிர்த்தவர்கள், முன்னைய ஒப்பந்தத்தைச் செய்த கட்சியினரும் அவர்களோடு கூடிய இடதுசாரிகளும்.

இடதுசாரிகளைப் பற்றிய குறிப்பு தற்செயலானதன்று. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பைப் பற்றி முற்போக்காளரிடையே இன்றும் ஒருவகை மௌனம் நிலவுகின்றது. அந்நிய முடியுடனான தொடர்பை அறுத்தமை அதன் வரலாற்றுச் சாதனை; அதனை மறுப்பாரில்லை. ஆனால், மக்களின் இறைமை தேசிய அரசுப் பேரவையில் முழுமையாகக் குவிந்திருத்தல் வேண்டும், நீதிமன்றமோ வேறெதுவோ அதனைத் தடுத்தலாகாது என்னுங் கோட்பாட்டினைக் கொல்வின் ஆர். டி சில்வாவைப் போன்ற மார்க்சியவாதி ஒருவர் வகுத்தளித்தபோது, அப்பேரவை எந்த மக்களின் பேரவை என்னும் வினா கேட்கப்படவில்லை. 29 ஆம் பிரிவு மறைந்தது; பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளிக்கப்பட்டது; தமிழரசுக் கட்சியினர் 1971 இலேயே அரசியல் நிருணய சபையினின்றும் வெளியேறியிருந்தனர். தொகுதிவாரித் தேர்தல்முறை இதனை மேலும் கூர்மையாக்கிற்று. 1970 இல் ஏறத்தாழ நூற்றுக்கு 38 வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 17. 1977 இல் அதே கட்சி நூற்றுக்கு 51 அளவினதான வாக்குகளுடன் 168 இல் 140 ஆசனங்களைப் பெற்றது. தடையற்ற பேரவையொன்றினைத் தம் திட்டங்களுக்காகக் கட்டியெழுப்பியோர், ஐந்தாண்டுகளின் பின் அதனை முழுமையாக மாற்றாரிடம் கையளித்தனர்.

ஜயவர்த்தனாவின் நோக்கம் நீண்டகாலத்தது. 1966 டிசெம்பரில், விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் ஆற்றிய உரையிலேயே, சட்டசபையின் விருப்புவெறுப்புகளுக்கு ஆட்படாது, மக்களுக்கு உவப்பற்ற முடிவுகளையும் அஞ்சாது எடுக்கவல்ல நிறைவேற்றதிகாரம் வளர்முக நாட்டுக்கு இன்றியமையாதது என்று அவர் வாதிட்டார். 1971 இல் அரசியல் நிருணய சபையில் அவர் கொண்டுவந்த பிரேரணையை அவருடைய தலைவரான டட்லி சேனநாயக்காவே ஏற்கவில்லை. இதே தெரிவினை எதிர்கொண்ட அம்பேத்கர் 1948 நவெம்பரில் இந்திய அரசியல் நிருணய சபையில் எடுத்துக்கொண்ட நிலைப்பாட்டினை இதனோடு ஒப்பிடுதல் பயனுடையது. உறுதிப்பாடும் பொறுப்புடைமையும் ஒருங்கே முழுமையாகக் கிட்டா. சனாதிபதி முறை முன்னையதையும் பாராளுமன்ற முறை பின்னையதையும் கூடுதலாகத் தருவன. இந்தியா பொறுப்புடைமையைத் தேர்கிறது என்றார் அவர். அதே இந்தியாவில் 1975 இல் அவசரநிலை பிரகடனஞ் செய்யப்பட்டமை, பாராளுமன்ற முறையும் தன்னளவிற் காப்பாகாது என்பதைக் காட்டிற்று.

உவப்பற்ற முடிவுகள் யாருக்கு உவப்பற்றவை என்பதையும் கேட்டல் வேண்டும். 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரம், உணவு மானியக் குறைப்பு, 1980 ஜூலை வேலைநிறுத்தக்காரர் பல்லாயிரவரின் பணிநீக்கம் என்பன அவற்றுள் அடங்கும். நிலையான பதவிக்காலமுடைய நிறைவேற்றதிகாரம் அத்தகைய கொள்கைகளுக்குத் தேவைப்பட்டது. ஜயவர்த்தனா 1978 பெப்ரவரி 4 இல் சனாதிபதியானபோது எவரும் அவரை அப்பதவிக்குத் தெரிவுசெய்திருக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழைய அரசியலமைப்பின் திருத்தமொன்றே அவரை அங்கு அமர்த்திற்று. மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்தல் என்னுந் தத்துவம் 1982 வரை காத்திருந்தது.

சனாதிபதிக்கும் சட்டசபைக்கும் இடையிலான மோதலையே லின்ஸ் அஞ்சினார். இலங்கையின் முதற் பத்தாண்டிலே தீங்கு விளைவித்தது மோதலன்று, அவற்றின் இணக்கம். ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட பெரும்பான்மையுடைய பாராளுமன்றத்தினைச் சனாதிபதி தம் கைக்குள் வைத்திருந்தார். ஆளுங்கட்சி உறுப்பினரிடமிருந்து திகதியிடாத பதவிவிலகற் கடிதங்கள் பெறப்பட்டன. 1982 டிசெம்பரில் சர்வசன வாக்கெடுப்பொன்றின் மூலம் அப்பாராளுமன்றத்தின் ஆயுள் ஆறாண்டுகளால் நீடிக்கப்பட்டது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேயே நடைபெற்றது. இந்த இடைக்காலத்திலேதான் 1983 ஆடிக் கலவரமும், அதனையடுத்து ஆறாம் திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தினால் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தமையும் நிகழ்ந்தன. நாட்டின் மிகக் கொடிய நெருக்கடியின்போது தமிழரின் பிரதான கட்சி பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றது. லின்ஸ் கூறிய இருமையாணையின் மோதல் பின்னரே வந்தது. 2003 நவெம்பரில் சந்திரிகா குமாரதுங்க மூன்று அமைச்சுகளைத் தம்வசமாக்கியமையும், 2018 ஒக்டோபரில் மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கியமையும் அவ்வகையின. 2018 இன் பாராளுமன்றக் கலைப்பினை உயர் நீதிமன்றம் டிசெம்பரில் ஏகமனதாகச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. அங்கே இராணுவம் நுழையவில்லை. மோதலைத் தீர்ப்பதற்கு மூன்றாவதொரு நிறுவனம் இருந்தது. இருமையாணை தன்னளவிற் சனநாயகத்தை அழிக்கும் என்பதற்கு இது வலுவான எதிர்ச்சான்று.

ஹொறோவிற்ஸின் சூத்திரம் என்னவாயிற்று? 1982 முதல் 2019 வரை நடைபெற்ற எட்டுச் சனாதிபதித் தேர்தல்களிலும் வென்றவர் முதலெண்ணிக்கையிலேயே அரைவாசிக்கு மேற்பெற்றார். 1988 இல் பிரேமதாசா பெற்றது நூற்றுக்கு 50.43; 2005 இல் மகிந்த ராஜபக்ஷ பெற்றது 50.29. இவ்வளவு நெருங்கிய போட்டிகளிலும் இரண்டாம் விருப்பு ஒருமுறையேனும் எண்ணப்படவில்லை. 2024 செப்டெம்பரிலேயே முதன்முறையாக எண்ணப்பட்டது; அநுர குமார திசாநாயக்க முதலெண்ணிக்கையில் 42.31 வீதத்தையே பெற்றிருந்தார். நீக்கப்பட்ட வேட்பாளருக்குரிய வாக்குகள் முப்பத்துமூன்று இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து முதலிருவருக்குமாகச் சேர்ந்த விருப்புகள் பத்திலொரு பங்கினுங் குறைவு. வாக்காளர் அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை. வேட்பாளரும் அதனைக் கோரிப் பழகவில்லை.

நைஜீரிய விதிக்கும் இலங்கை விதிக்கும் இடையிலான வேறுபாட்டினை ஹொறோவிற்ஸ் போதியவளவு அழுத்தவில்லை. நைஜீரியாவில் வாக்குப் பரம்பல் வெற்றியின் நிபந்தனை, அது கட்டாயப்படுத்துவது. இலங்கையின் விருப்பு வாக்கோ, பெரும்பான்மை கிட்டாதபோது மட்டும் விழித்தெழுவது. அது அழைப்பு விடுப்பது மட்டுமே. அத்துடன், நைஜீரியாவில் எந்த இனமும் தனித்துப் பெரும்பான்மையன்று. சனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரே இனத்தவராயுள்ள நாட்டிலே அரைவாசி வாக்குகளை அவ்வினத்தினுள்ளேயே திரட்டிக்கொள்ளலாம். 2019 நவெம்பரில் கோத்தபாய ராஜபக்ஷ அதனையே செய்துகாட்டினார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அவரின் எதிராளி நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பெற்றபோதும், 52.25 வீதத்துடன் அவர் வென்றார். நைஜீரிய நிபந்தனையை இங்கு எவ்வாறு அமைத்தல் கூடும் என்பது ஆராயத்தக்கது. ஒன்பது மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கு என்பது ஆறு. சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள மாகாணங்களோ ஏழு. வட, கிழக்கு மாகாணங்களைப் பெயர்குறித்துச் சேர்த்தாலன்றி அவ்விதி இங்கு வெறும் அலங்காரமாகும். நைஜீரியாவிலும் அவ்விதி குடியரசைக் காக்கவில்லை. 1983 டிசெம்பர் இறுதியில் இராணுவம் மீண்டும் வந்தது.

நிறைவேற்றதிகாரச் சனாதிபதி முறையே சிறுபான்மையோருக்கு நலந்தருவது என்னுங் கருத்து தமிழ், முஸ்லிம் அரசியலாளரிடையே பலகாலம் நிலவியது. முழுநாடும் ஒரே தொகுதியாவதால், பெரும்பான்மை பிளவுறும்போது நம் வாக்குத் தீர்க்கமானதாகும் என்பது அதன் அடிப்படை. அதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. 1988 டிசெம்பரில், தேர்தலுக்குச் சில நாட்களின் முன், எம். எச். எம். அஷ்ரப் பிரேமதாசாவுடன் பேசி, பாராளுமன்றத் தேர்தலின் வெட்டுப்புள்ளியை எட்டிலொரு பங்கிலிருந்து இருபதிலொரு பங்காகக் குறைப்பித்தார். பதினைந்தாம் திருத்தமான அது, சிறிய கட்சிகள் இன்றும் அனுபவிக்கும் பயன். 2015 ஜனவரியில் சிறிசேன 51.28 வீதத்துடன் வென்றமைக்கும் வடக்கு, கிழக்கு, மலையக வாக்குகள் இன்றியமையாதனவாயின. 2005 இல் புலிகள் விதித்த பகிஷ்கரிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவரினுங் குறைவு. அவ்வாக்குகள் இல்லாமற்போனமை முடிவையே மாற்றியிருத்தல் கூடும்.

எனினும் இப்பேரத்தின் இயல்பை நுணுகி நோக்குதல் வேண்டும். அஷ்ரப் பெற்றது தேர்தலுக்கு முன் சட்டமாக நிறைவேறியது. அதனாலேயே அது நிலைத்தது. வாக்குறுதிகளாகப் பெறப்பட்டவை வாக்களிப்பு முடிந்த கணத்திலேயே பேரம்பேசும் வலுவை இழந்தன. சனாதிபதிக்கு அளித்த வாக்கினை ஐந்தாண்டுகளுக்கு, முன்னர் ஆறாண்டுகளுக்கு, மீளப்பெற முடியாது. அறுதிப் பெரும்பான்மையற்ற பாராளுமன்றத்திலே அளிக்கும் ஆதரவை எந்நாளும் மீளப்பெறலாம். 1960 மார்ச்சுத் தேர்தலின் பின் டட்லியின் சிறுபான்மை அரசாங்கம் ஒரு மாதத்தினுள் வீழ்ந்ததில் தமிழரசுக் கட்சியின் வாக்குகளுக்கும் பங்குண்டு. மீளப்பெறும் வலுவிருந்தும் 1968 இல் மாவட்ட சபை கிட்டவில்லை என்பது வேறு. லின்ஸ் கூறிய நெகிழ்வின்மையின் உண்மையான பொருள், சிறுபான்மையோரைப் பொறுத்தவரை, இதுவே. இக்கோணத்தில் அவர் அதனை விரித்துரைக்கவில்லை. அதிகாரத்தில் இருப்போருடன் சேர்ந்திருந்து பெறலாம் என்ற நம்பிக்கை எங்கே இட்டுச்செல்லும் என்பதற்கு 2010 இன் பதினெட்டாந் திருத்தம் சான்று. பதவிக்கால வரையறையை நீக்கிய அத்திருத்தத்துக்கு அஷ்ரப் தோற்றுவித்த கட்சியின் உறுப்பினரே ஆதரவாகக் கையுயர்த்தினர்.

2022 ஆம் ஆண்டு லின்ஸுக்குச் சார்பாகப் பேசுகின்றது. நாடு வங்குரோத்தடைந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பாராளுமன்ற முறையில் ஒரு வாரத்தினுள் வீழ்ந்திருக்கக்கூடிய ஆட்சித்தலைவர், மார்ச்சு இறுதி முதல் ஜூலை வரை மக்கள் தெருவில் இறங்கி நின்ற பின்னரே நாட்டை விட்டேகிப் பதவி விலகினார். அவருக்குப் பதிலாகப் பாராளுமன்றம் 134 வாக்குகளால் தெரிவுசெய்தவரோ, தம் கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தின் வழி வந்தவர். நிலையான பதவிக்காலம் உறுதிப்பாட்டைத் தரும் என்ற 1966 இன் வாதத்துக்கு இதனிலும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆகவே, சனாதிபதிப் பதவியை ஒழித்தல் வேண்டும் என்னுங் கோரிக்கை நியாயமானது. ஆனால், ஒழித்தபின் அவ்வதிகாரம் எங்கே செல்லும் என்பது தனியானதொரு வினா. 2024 நவெம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. விகிதாசார முறை மூன்றில் இரண்டு பெரும்பான்மையைத் தடுக்கும் என்ற பழைய கணிப்பு இத்துடன் பொய்த்தது. இத்தகைய பாராளுமன்றத்தின் அமைச்சரவையிடம் முழு நிறைவேற்றதிகாரத்தையும் ஒப்படைத்தல் 1972 இன் பேரவைக்கு மீளுதலாகவும் அமையலாம். அந்த வெற்றியில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அடங்கும் என்பதனாற் பெரும்பான்மையின் இயல்பு மாறிவிட்டது என்று கருதுவோர் உளர். ஒரு தேர்தலைக் கொண்டு அவ்வாறு துணிதல் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இங்கு குறிப்பாக நோக்கவேண்டியது மாகாண ஆளுநரின் பதவி. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி அவர் சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். மாகாணத்தின் நிறைவேற்றதிகாரம் அவரிடத்தே உளது. நிதியிலும் மாகாணப் பொதுச்சேவையிலும் அவரின் பிடி இறுக்கமானது. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றபின், ஆண்டுக்கணக்காக அவரே தனித்து நிருவகித்தார். சனாதிபதிப் பதவியை ஒழிக்கும் திருத்தமெதுவும், இவ்வாளுநரை இனி யார் நியமிப்பார், அவர் மாகாண சபைக்குப் பொறுப்புடையவராவாரா என்பவற்றை முதலிற் கூறல் வேண்டும். பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுவார் என்றால், கொழும்பிலுள்ள பெரும்பான்மையின் முகவராகவே அவர் தொடர்ந்திருப்பார்.